பாம்புக்கு எலி வளர்க்கலாமா என்று கேட்ட மகளுக்கு

நாகமலை புதுக்கோட்டை,
மதுரை.

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரின் நலமறிய ஆவல். கார்ன் என்ற விஷமில்லாத பாம்பை வாங்கியிருப்பதையும், அதற்கு இரையாக வீட்டிலேயே சுண்டெலி வளர்க்கலாமா என்று கேட்டிருப்பதையும் அம்மாவிடம் சொன்னேன். "எலிக்குப் பொறி வைத்த வீட்டில் பிறந்தவள் எலிக்குப் பிரசவம் பார்க்கப் போகிறாளா?" என்று அன்றிலிருந்து ஒரே புலம்பல். பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சமணர் ஏவிய நாகம் பாண்டியனின் அம்பு பட்டு மலையாய்க் கிடக்கிறது என்ற கதையைக் கேட்டு, அந்த மலையடியிலேயே குடியிருப்பவளுக்குப் பாம்பு பெரிய விஷயமில்லை போலும். இங்கே ஒரு சாரையைப் பிடித்து வீட்டில் வைத்திருந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உன்னுடையது அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குரிய ஜாதி, இங்கிலாந்தில் வளர்க்கத் தடையில்லை என்கிறாய். சரி.

கல்லூரி விலங்கியல் துறையின் எலி அறையிலேயே நரைத்தவன் என்பதால்தான் என்னைக் கேட்கிறாய். கேட்டதற்குப் பதில்: ஒரு பாம்புக்காக எலி வளர்க்காதே. கடையில் விற்கும், உறையவைத்த செத்த எலியை வாங்கிப் போடு.

கணக்கைப் பார். பெண் எலி 19 முதல் 21 நாள் சுமக்கும். ஓர் ஈற்றுக்கு எட்டு, பத்து குட்டிகள் சாதாரணம். ஆண் அதே பெட்டியில் இருந்தால் ஈன்ற ஒரு நாளுக்குள் மறுபடி சினையாகிவிடும். குட்டிகள் 3 வாரத்தில் பால் மறக்கும். 6 வாரத்தில் அவையே சினையாகத் தயார். ஓர் ஆண், இரண்டு பெண் என்று நீ தொடங்கினால் மாதம் பதினைந்து, இருபது குட்டிகள் சேரும். இளம்பாம்பு வாரத்துக்கு ஒன்று தின்னும். முழுதாக வளர்ந்தபின் 10 முதல் 14 நாளுக்கு ஒரு பெரிய எலி போதும். மாதம் நான்கு தின்கிற ஒரு வாய்க்கு இருபது பிறந்தால், மிச்சத்தை என்ன செய்வாய்? பால் மறந்த குட்டிகளில் ஆணையும் பெண்ணையும் அப்போதே பிரிக்கவில்லையென்றால் இந்தக் கணக்கும் நிற்காது.

இவ்வளவு சொல்லியும் நீ வளர்ப்பாய். உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியாதா? அதனால் வேலையையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வளர்த்தது சுவிஸ் அல்பினோ என்ற வெள்ளைச் சுண்டெலி. பெட்டிக்கு அடியில் ரைஸ் மில் உமியைச் சலித்துப் பரப்புவோம். உனக்கு உமி கிடைக்காது. மரச்சீவல் வாங்கு, தேவதாரு மட்டும் வேண்டாம், அதன் வாசனை எலிக்கு ஆகாது. கூடு கட்ட மையில்லாத காகிதத்தைக் கொடு. அதுவே கிழித்து மெத்தை போட்டுக்கொள்ளும், வேடிக்கை பார்க்கலாம். தண்ணீர்ப் புட்டியைத் தினமும் கவனி. இரவில் ஒழுகிப் பெட்டி நனைந்தால் காலையில் குட்டிகள் விறைத்துக் கிடக்கும். எங்களுக்குக் குளிர் பிரச்சினையில்லை, வெயில்தான். சித்திரைத் திருவிழாச் சமயத்தில் ஜன்னலெல்லாம் நனைத்த கோணிச்சாக்கு தொங்கும். 2012இல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டபோது மின்விசிறியும் இல்லாமல் எலிகளைக் காப்பாற்றப் பட்ட பாட்டை எழுதினால் இன்னொரு கடிதமாகும்.

ஈன்றதும் முதல் சில நாட்கள் பெட்டியைக் கிளறாதே. பயந்தால் தாயே குட்டியைத் தின்றுவிடும். ரோமமில்லாத அந்தச் சிவப்புக் குட்டியின் வயிற்றில், தோல் வழியாகவே வெள்ளையாகப் பால் தெரியும். அது தெரிந்தால் தாய் ஊட்டுகிறாள் என்று நிம்மதியாக மூடிவிடலாம். சினையாகிச் சில நாளே ஆன எலியின் அருகே புது ஆணைக் கொண்டுவராதே. அந்நிய ஆணின் வாடை பட்டாலே கரு தங்காமல் போய்விடும். ஹில்டா புரூஸ் என்ற அம்மையார் 1959இல் உங்கள் லண்டனிலிருந்துதான் இதை எழுதினார். எங்கள் பேராசிரியர் அதைப் பாடமாக நடத்துவார். எலி அறையில் அதையே நாங்கள் பெட்டி மாற்றும்போது நஷ்டமாகப் பார்ப்போம்.

நாற்றம் வரும். வாரம் ஒருமுறை சீவல் மாற்றினாலும் ஆண் எலியின் மூத்திர வாடை சுவரில் ஏறும். மாப்பிள்ளை இப்போது சம்மதித்திருக்கலாம், இரண்டு மாதம் கழித்துக் கேட்டுப் பார்.

அடுத்தது நீ கேட்காமல் விட்டது. எலியை யார் கொல்வது? உயிரோடு பாம்பின் பெட்டியில் போட்டுவிடலாம் என்று நினைக்காதே. பசியில்லாத பாம்பின் முதுகை எலி கடித்துக் குதறிவிடும், எலிக்கும் அது நல்ல சாவு இல்லை. உயிரோடு ஃப்ரீசரில் வைப்பது அதைவிடக் கொடுமை. எலியைக் கொல்ல ஆய்வகங்களில் விடும் கரியமில வாயுவும், புதிதாகப் பிறந்த குட்டிகளை எளிதில் கொல்லாது. கருப்பையில் குறைந்த பிராணவாயுவில் வளர்ந்த உடம்பு, நெடுநேரம் தாங்கும். ஒரே நொடியில் கழுத்தெலும்பை விலக்கிக் கொல்லக் கைப்பழக்கம் வேண்டும். கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளாமல் அதைத் தொடாதே. கற்ற பிறகும் ஒவ்வொரு முறையும் உன் கைதான் செய்ய வேண்டும். கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட என்னைக் கூப்பிட்டவள் நீ. எலிகளுக்குப் பேத்தி பெயர் வைத்துவிட்டால் இன்னும் சிக்கல்.

பேத்தி என்றதும் ஒன்று. உறைந்த எலியானாலும், வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மொனெல்லா கிருமி சாகாது. இரை எலிகள் வழியாக மனிதருக்கு அந்த நோய் பரவியது உங்கள் நாட்டிலேயே கண்டறியப்பட்டிருக்கிறது. சமையல் ஃப்ரீசரில் வைக்காதே, சமையல் பாத்திரத்தில் உறைவு நீக்காதே, மைக்ரோவேவ் பக்கமே கொண்டுபோகாதே. மூடிய பையோடு, சமையல் பொருள் வைக்காத தனிக் குளிர்பெட்டியில் இளகவிட்டு, பிறகு தனிப் பாத்திரத்து வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி இடுக்கியால் நீட்டு. கை கழுவு. 5 வயது ஆகும்வரை பேத்தி பாம்பையும் தொட வேண்டாம், எலியையும் தொட வேண்டாம். வீட்டில் பொறியில் விழுகிற எலியைப் போடும் யோசனையும் கூடாது. பக்கத்து வீட்டில் வைத்த விஷத்தைத் தின்றிருந்தால் பாம்புக்கும் சேர்த்துத்தான் குழி தோண்ட வேண்டும்.

பாம்பின் உடம்பு தடித்த இடத்தில் எவ்வளவு பருமன் என்று அளந்து அனுப்பு. இரை அந்தப் பருமனில் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. அளவு வந்ததும் எந்த வயதுக் குட்டி வாங்கலாம் என்று சொல்கிறேன். அதுவரை பெட்டி, புட்டி எதற்கும் பணம் கட்டாதே.

இப்படிக்கு,
அப்பா