கடைமடைக்கான நெல் ரகத்தில் அரிசியின் தரமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம், புவனகிரி வட்டங்களில் வடகிழக்குப் பருவமழையில் சம்பாப் பயிர் மூழ்குவது அடிக்கடி நேர்கிறது. பாசன வாய்க்காலின் கடைசிப் பகுதியான இந்தக் கடைமடை நிலங்களுக்கு நெல் ரகம் உருவாக்குவோர் வெள்ளத்தைத் தாங்கும் திறனையும் மகசூலையும் மட்டும் பார்க்காமல், அரிசியின் தரத்தையும் தொடக்கத்திலிருந்தே தேர்வில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்திலிருந்து கிடைத்த சப்-1 மரபணு, மூழ்கிய பயிர் நீண்டு வளர்ந்து தன் சேமிப்பைச் செலவழித்துவிடாமல் அடக்கி, ஏறத்தாழ இரண்டு வாரம் உயிரோடு காக்கிறது. அம்மரபணுவைப் பெற்ற சி.ஆர். 1009 சப்-1 என்ற ரகம் கடைமடைக்குக் கிடைத்த பெரும் துணை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் மணி குட்டையானது, தடித்தது. இட்லிக்கு ஆகுமே தவிர, அன்றாடச் சோற்றுக்கு நம் வீடுகளில் யாரும் விரும்பி வாங்குவதில்லை. சோற்றுக்குப் பெயர்பெற்ற பி.பி.டி. 5204 (சம்பா மசூரி) ரகமோ வெள்ளத்தில் அழுகிவிடுகிறது. குலைநோய்க்கும் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் எளிதில் ஆளாகிறது. பயிரைக் காப்பதா, விலையைக் காப்பதா என்ற இக்கட்டில் விவசாயியை நிறுத்துவது நியாயமன்று.

இரண்டையும் ஒரே செடியில் சேர்க்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பி.பி.டி. 5204-இன் மணித் தரம் கெடாமல், வேண்டிய மரபணு செடியில் இருப்பதைக் காட்டும் மரபணுக் குறியீடுகளின் துணையுடன் மீண்டும் மீண்டும் அதே ரகத்தோடு ஒட்டுசேர்த்து, இலைக்கருகலை எதிர்க்கும் 3 மரபணுக்களைப் புகுத்திய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008-இலேயே வெளிவந்துவிட்டது. அதே ரகத்தில் சப்-1 மரபணுவும் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டோடு குலைநோய் எதிர்ப்பும் சேர்ந்த ஒரே ரகத்தைத்தான் எங்கள் மண் கேட்கிறது. பி.பி.டி. 5204-இன் மூதாதையருள் ஒன்று, கோயம்புத்தூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கிச்சிலிச் சம்பா (ஜி.இ.பி. 24) என்பதையும் பெருமையோடு நினைவூட்டுகிறேன்.

ஒட்டுச் சேர்க்கையின் வழித்தோன்றல்கள் நிலைப்பட ஆறேழு தலைமுறைகள் ஆகும். அதுவரை மகசூலை மட்டுமே பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தால், நல்ல அரிசி தரக்கூடிய செடிகள் முன்னரே தொலைந்துபோகும். அரிசி மாவுச்சத்தின் ஒரு கூறான அமைலோஸின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் சோறு ஆறியதும் விறைக்கும். மணியில் வெண்மைப் புள்ளி மிகுந்தால் ஆலையில் நொய் பெருகும். எக்டேருக்கு எத்தனை டன் நெல் என்பதோடு, அரைத்தபின் எவ்வளவு முழு அரிசி தேறுகிறது என்பதும் ரக வெளியீட்டின்போது விவசாயிக்குச் சொல்லப்பட வேண்டும்.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலமும் காரைக்கால் வேளாண் கல்லூரியும் இணைந்து, நீர் தேங்கும் எங்கள் வயல்களிலேயே இச்சோதனைகளை நடத்த வேண்டும். வட்டார ஆலைக்காரர்களும் சமைக்கும் பெண்களும் அரிசியைப் பார்த்துக் கருத்துச் சொல்ல இடமளிக்க வேண்டும். மத்திய அரசும் தன் பங்கைச் செய்ய வேண்டும்: 2025-26 பருவத்துக்கான குறைந்தபட்ச ஆதரவு விலையில் பொது ரகத்துக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாய் என, குவிண்டாலுக்கு வெறும் 20 ரூபாயே வேறுபாடு. இந்த இடைவெளி உயர்த்தப்பட வேண்டும்.

இப்படிக்கு,
சம்பா விவசாயி ஒருவர்,
காட்டுமன்னார்கோயில் வட்டம், கடலூர் மாவட்டம்.