நடக்க முடியாத வழியை நடைப்பயணம் என்று விற்றது குறித்த புகார்

அனுப்புநர்: மே மாதப் பதிவில் பெயரும் முகவரியும் உள்ள வாடிக்கையாளர், கோயம்புத்தூர்.

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர், தங்கள் சுற்றுலா நிறுவனம்.

பொருள்: கன்னியாகுமரி மாவட்டம், தேரூர் குளக்கரை விடுதியிலிருந்து மணக்குடி காயல்கரை விடுதி வரையிலான நடைப்பயணம் – சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம், பணம் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

இரண்டு விடுதிகளுக்கு இடையே நடந்து போகும் உங்கள் திட்டத்தில் நான், என் மனைவி, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், 71 வயதான என் அப்பா என்று நான்கு பேருக்குப் பணம் கட்டி மே மாதம் இரண்டாவது வாரம் வந்தோம். மொத்தம் 22,400 ரூபாய். முதல் இரவு தேரூரில், மறுநாள் காலை நடை, பெட்டிகளை உங்கள் வண்டி கொண்டுவந்துவிடும், பறவைகள் தெரிந்த வழிகாட்டி கூட வருவார், மதியச் சாப்பாடு, இரவு மணக்குடியில் காயல் பார்த்த அறை. இதுதான் பேச்சு. உங்கள் விளம்பரத்தில் உள்ள வரியை அப்படியே தருகிறேன்: "8 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், வழிநெடுகத் தண்ணீர், முதியோரும் குழந்தைகளும் எளிதாக நடக்கலாம்."

ஊரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் அப்பாவுக்கு நாஞ்சில்நாடுதான் சொந்த ஊர்ப்பக்கம். வேலைக்காக வெளியூர் போனவர், பேத்திக்குக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டதால்தான் உங்களிடம் பதிவு செய்தோம். என் குறை ஒன்றே ஒன்றுதான். நீங்கள் கொடுத்த ரூட் மேப்பைத் தயாரித்தவர் அந்த வழியில் ஒரு தடவைகூட நடக்கவில்லை. கீழே நான் எழுதியிருப்பது எல்லாம் அதிலிருந்து வந்த வினைதான்.

முதலில் தண்ணீர். விளம்பரத்தில் குளம் கரைமுட்ட நிற்கிறது, அக்கரையில் பச்சைப் பசேலென்று வயல், மரம் நிறைய மஞ்சள் மூக்கு நாரை. நாங்கள் பார்த்தது கால்வாசித் தண்ணீர், அதிலும் பாதிக்கு ஆகாயத்தாமரை. வயலில் அறுத்துவிட்ட நெல்லின் அடித்தாளும் உழவு ஓட்டிய கட்டியும்தான். அப்பா மடைக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "அணைய அடைச்சு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. இப்ப குளத்துல என்னத்த மக்கா பாக்கப் போற?" என்று என்னிடம் கேட்டார். அந்தப் பக்கத்துக் குளங்களும் வயல்களும் பெரும்பாலும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளை நம்பியவை. வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் முதல் போக நெல்லான கன்னிப்பூ சாகுபடிக்காகத் திறப்பார்கள். இரண்டாம் போகமான கும்பப்பூ அறுவடையெல்லாம் முடியும் தறுவாயில், பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். வலசை வரும் பறவைகளும் வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடும். இது ரகசியம் இல்லை, கரையில் மாடு மேய்ப்பவரைக் கேட்டாலே சொல்வார். வானத்தையும் வெயிலையும் நான் உங்கள் கணக்கில் எழுதவில்லை. ஆனால் பள்ளி விடுமுறையில்தான் ஆள் வரும் என்பதற்காக, மாரிக்காலத்தில் எடுத்த படத்தைப் போட்டு மே மாதத்தை விற்றது உங்கள் வேலை. படத்துக்குக் கீழே எந்த மாதத்தில் எடுத்தது என்று ஒரு வரி போட என்ன செலவாகும்?

2022-இல் சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். சரி. அப்படிப்பட்ட இடத்துக்கு நீங்கள் அனுப்பிய வழிகாட்டி, முந்தைய இரவு விடுதி வரவேற்பில் எங்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்த பையன். தங்கமான பிள்ளை. ஆனால் வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் காக்கா என்பதோடு அவன் பறவைப் பாடம் முடிந்துவிட்டது. தாமரை இலைகளுக்கு நடுவே நீண்ட சிவப்புக் காலை எடுத்து எடுத்து வைத்து, தண்டை ஒரு காலில் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்த நீலத் தாழைக்கோழியை என் மகள்தான் தன் புத்தகத்தைப் பார்த்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர் என்பதுகூட உங்கள் தாளில் இல்லை. செல்ஃபி எடுக்க நான்கு இடங்களுக்கு அம்புக்குறி போட்டிருக்கிறது. அவர் பாட்டைப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு அதைச் சொல்லவும் அப்பாதான் வேண்டியிருந்தது.

அடுத்தது நெடுஞ்சாலை. உங்கள் மேப்பில் பச்சைக் கோடு குளத்தை ஒட்டியே அழகாக வளைந்து போகிறது. கால் வைத்துப் பார்த்தால் ஒரு பகுதியில் அந்தக் கோடு நாகர்கோவில் – கன்னியாகுமரி சாலையேதான். விடுமுறைக் காலம். பேருந்து, வேன், கார் எல்லாம் முக்கடல் சூரியனைப் பிடிக்கிற வேகத்தில் போகின்றன. ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்க இடம் இல்லை. மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொள்ள, நான் அப்பாவுக்கு வெளிப்பக்கமாக நடந்தேன். ஒவ்வொரு பேருந்து கடக்கும்போதும் நால்வரும் முள்செடியில் ஒதுங்கி நின்றோம். "முதியோரும் குழந்தைகளும்" என்று எழுதியவரை அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நிற்க வைக்கவேண்டும் என்று தோன்றியது.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கு உங்கள் தாளில் ஒதுக்கிய நேரம் மதியம் 12.30. உச்சிவேளையில் நடை சாத்தியிருக்கும். தமிழ்நாட்டுக் கோயில் வழக்கம் தெரிந்த யாரும் இப்படி நேரம் குறிக்க மாட்டார்கள். ஏழு நிலைக் கோபுரத்தை வெளியிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சுசீந்திரத்திலிருந்து மணக்குடி வரை பழையாறு என்ற ஆற்றின் கரையில் "நிழலான ஒற்றையடிப் பாதை" என்று போட்டிருக்கிறீர்கள். கொஞ்ச தூரம் பாதை இருந்தது, நிழலும் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆற்றில் வருகிற நாற்றத்தை மட்டும் நீங்கள் எழுதவில்லை. அப்புறம் "ஆலமரத்தில் இடதுபுறம் திரும்பவும்" என்கிறது தாள். ஆலமரமே இல்லை. பையன் போனில் பார்த்து ஒரு திருப்பத்தைக் காட்டினான். அது நேராக ஒரு கம்பி வேலியில் போய் முட்டியது. உள்ளே வாழையும் தென்னையும். வேலியைச் சுற்றிப்போக ஒரு வாய்க்காலைத் தாண்டவேண்டும். அதன்மேல் போட்டிருந்தது ஒற்றைத் தென்னந்தடி, நடுவில் இற்றுப்போய்ப் பஞ்சாகியிருந்தது. அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு அடி வைத்துப் பார்த்தார், தடி அமுங்கியது, திரும்பி வந்துவிட்டார்.

வேலிக்குள்ளிருந்து அந்த விளைக்காரர், அதாவது தோட்டத்துக்காரர், வந்தார். எங்கள் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "இது எங்க விளையாக்கும், வழி கிடையாது. போன வாரமும் இப்பிடித்தான் பேப்பரும் கையுமா நாலு பேரு வந்து நின்னாவ. கம்பெனிக்கு போன் பண்ணிச் சொல்லியாச்சு, ஒருத்தரும் கேக்கல்ல" என்றார். கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனாலும் அப்பாவின் ஊர் எது என்று விசாரித்து, கதவைத் திறந்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரும் ஆளுக்கு இரண்டு மட்டி வாழைப்பழமும் கொடுத்து ரோட்டுக்கு வழி காட்டினார். உங்கள் மதியச் சாப்பாடு அன்றைக்கு எங்களைத் தேடி வரவே இல்லை என்பதால், இந்தப் பழமும் பிறகு சாலையோரம் வாங்கிய நுங்கும்தான் எங்கள் மதியம்.

அவர் சொன்னதை நீங்கள் கவனமாகப் படிக்கவேண்டும். பாதை இல்லை என்பது எங்களுக்கு முன்பே உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கிறது. தெரிந்த பிறகும் அதே தாளை எங்களுக்கும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். இதைத் தவறுதல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தேன். எதிர்முனையில் பேசியவர் "சார், மேப்ல பாத் காட்டுதே" என்றார். வேலியைப் படம் எடுத்து அனுப்பினேன். "டீமிடம் சொல்கிறோம்" என்று பதில் வந்தது. அந்த டீம் இன்றுவரை பேசவில்லை. அந்த நேரத்திலேயே என் கைபேசி 9 கிலோமீட்டருக்கு மேல் காட்டியது, 8 கிலோமீட்டர் நடையில் காயல் இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. பக்கத்து ஜங்ஷனில் ஆட்டோ பிடித்தோம்.

விடுதியில் எங்கள் பெயர் மறுநாள் பட்டியலில் இருந்தது. பெட்டிகள் மாலை ஆறரைக்கு வந்து சேர்ந்தன. அதுவரை சேற்றுக்காலோடு வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். கிடைத்த அறையின் ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். காயலை மறுநாள் காலை நாங்களே நடந்துபோய்ப் பார்த்தோம். காயல் கடலோடு சேரும் பொழிமுகம் வரை போனோம், வலை உதறிக்கொண்டிருந்தவர்களோடு அப்பா ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பயணத்தில் நன்றாக அமைந்தது அதுதான், அதில் உங்கள் பங்கு எதுவும் இல்லை.

ஊர் திரும்பியதும் மின்னஞ்சலில் எழுதினேன். வருத்தம் தெரிவித்து, அடுத்த பயணத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினீர்கள். இன்னொரு தடவை பணம் கட்டினால் இந்தத் தடவைக்கான நஷ்டத்தில் கொஞ்சம் குறையும் என்ற இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. கூப்பனைத் திருப்பி அனுப்புகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். நடைப்பயணம், வழிகாட்டி, மதியச் சாப்பாடு, பெட்டி கொண்டுவருதல் ஆகியவற்றுக்காக ரசீதில் தனியாகக் காட்டியிருக்கும் 8,600 ரூபாய், காயல் பார்த்த அறைக்கு வாங்கிய கூடுதல் 1,500, ஆட்டோவுக்கு நாங்கள் கொடுத்த 350, ஆக 10,450 ரூபாயை நான் பணம் கட்டிய அதே வங்கிக் கணக்குக்குத் திருப்பித் தரவேண்டும். தேரூர் விடுதியின் முதல் இரவுக்கு நான் எதுவும் கேட்கவில்லை, அது நன்றாகவே இருந்தது, ஆப்பமும் கடலையும் அருமை. அதோடு, உங்கள் ஆள் ஒருவர் தேரூரில் தொடங்கி மணக்குடி வரை தன் காலால் நடந்து பார்க்கும்வரை இந்தத் திட்டத்தை விற்பதை நிறுத்தவேண்டும். சாலை வரும் பகுதிக்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். ஆற்றங்கரைப் பகுதியில் யார் யார் நிலம் என்று விசாரித்து, வழி விடச் சம்மதம் கேளுங்கள். அந்த விளைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். அவர் எண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் கோயம்புத்தூரிலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் கிடையாது. ஆகவே தூரத்தையும் செலவையும் நினைத்து நான் விட்டுவிடுவேன் என்று கணக்குப் போடவேண்டாம்.

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் நகல், ரூட் மேப், வேலி, தென்னந்தடி, அறை ஜன்னல் ஆகியவற்றின் படங்கள், கைபேசியில் பதிவான நடைத் தூரம், தள்ளுபடிக் கூப்பன்.

இப்படிக்கு,
பதிவில் பெயர் உள்ள வாடிக்கையாளர்

பி.கு.: எங்களோடு வந்த பையன் மேல் நடவடிக்கை எதுவும் எடுக்கவேண்டாம். தெரியாத வேலைக்கு அவனை அனுப்பியது நீங்கள். அவன் தேரூருக்குத் திரும்பிப் போகப் பேருந்துக் காசுகூட நீங்கள் கொடுத்தனுப்பவில்லை. அப்பா கொடுத்த 100 ரூபாயை நான் மேலே உள்ள கணக்கில் சேர்க்கவில்லை.