நாற்பது கழிந்த பிள்ளை இரத்தத்தோடு வந்தால்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும் வெளிநோயாளர் பிரிவு வைத்தியர்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

பெண்பிள்ளைக்கு எந்த வைத்தியரும் சுன்னத்து வைக்க, அதாவது பிறப்புறுப்பில் வெட்டவோ கீறவோ, கூடாதென்று 2018இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது. நல்லது. ஆனால் எங்கள் பக்கம் பிள்ளைக்கு நாற்பது நாள் ஆகும்போது அதைக் காலங்காலமாகச் செய்வது ஒஸ்தா மாமி என்று நாங்கள் சொல்லும் ஊர்ப் பெண். அவவுக்கு யார் சுற்றறிக்கை அனுப்புவது? எனவே, செய்த பிறகு பிள்ளைக்கு ஏதும் வந்தால் என்ன என்பதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

நான் மருத்துவிச்சியாக இருந்தபோது ஒரு தாய் பிள்ளையைத் தூக்கி வந்தா. "நெப்பி அலர்ஜி, மிஸ்" என்றா. துணியை விரித்தால் காய்ந்த இரத்தம், அதன்மேல் அப்பிய மஞ்சள். மூத்திரம் போகும்போது பிள்ளை வீறிட்டது. உண்மையைச் சொன்னால் ஏச்சு விழும், பொலிஸ் வரும் என்று அவவுக்குப் பயம்.

"சும்மா ஒரு கீறல்தானே" என்பார்கள். 40 நாள் பிள்ளையின் உடம்பில் மொத்த இரத்தமே ஏறக்குறைய 350 மில்லிலீற்றர். ஏற்புவலித் (டெட்டனஸ்) தடுப்பூசியின் முதல் டோஸ் 2 மாதத்தில்தான் வரும். ஒஸ்தா மாமியின் பிளேட் அதற்கு முந்திவிடுகிறது.

ஆகவே ஏசாமல் கேளுங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காவிட்டால் கரையும் நூலால் தையல் போட வேண்டியிருக்கும். மூத்திரம் போகிறதா, சீழ், காய்ச்சல் உண்டா, தாய் கர்ப்பத்தில் ஏற்பு ஊசி போட்டாவா என்றும் பாருங்கள். என்ன நடந்தது என்பதை அப்படியே பதிவேட்டில் எழுதுங்கள். "தோல் அழற்சி" என்று எழுதி அனுப்பினால் இந்தப் பிரச்சினை எங்கள் ஊரில் இல்லையென்றே ஆகிவிடும்.

வளர்ந்த பெண்களும் இருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் தோல் உள்ளே சிக்கி, வருடக்கணக்கில் மெல்ல வளரும் கட்டி வரலாம். ஊசியால் குத்தி வடித்தால் திரும்ப வரும். பையோடு சேர்த்து எடுக்க வேண்டும். சிலருக்குத் தொட்டாலே நரம்பு சுண்டும் வலி, தாம்பத்தியத்தில் நோவு. சோமாலியா, சூடானில் பெண்ணுறுப்பைத் தைத்து மூடும் வகையைத்தான் பாடப்புத்தகம் படம் போட்டுக் காட்டுகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எங்கள் பெண்களின் சின்ன வடு கண்ணில் படாது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் தந்த சிகிச்சை வழிகாட்டியில் மனநல, தாம்பத்திய ஆலோசனையும் இருக்கிறது. அதைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கி ஒவ்வொரு கிளினிக்கிலும் வையுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு 42ஆம் நாளையொட்டி மருத்துவிச்சி எப்படியும் வீட்டுக்குப் போகிறா. அன்றைக்குப் பிள்ளையின் துணியை அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முந்திய வருகையில், தாயோடு மாமியாரையும் இருத்திவைத்துப் பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவிச்சி ஒருத்தி,
அக்கரைப்பற்று