குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, நம் நகரின் பெரியவர்களே, தாய்மார்களே, நாற்காலி காலியாக இருந்தும் பின்னால் நின்றே கேட்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கப் பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சாலை, தெருவிளக்கு, பாதாளச் சாக்கடை தொடர்பாக அனுப்பிய மனுக்களும் வந்த பதில்களும் உங்கள் கையில் உள்ள தாளில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். என் நேரத்தை உடல்நலக் குழுவின் வேலைக்கே எடுத்துக்கொள்கிறேன். போன பொதுக்குழுவில் அதிகம் சத்தம் எழுந்ததும் அதில்தானே!

வழக்கமாக நடத்தும் இலவச மருத்துவ முகாம் இந்த ஆண்டு கிடையாது என்று குழு முடிவெடுத்தபோது பலருக்கும் வருத்தம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பந்தல் போட்டு, ஃபிளக்ஸ் வைத்து, காலையில் வரிசையில் நின்று ரத்தம் கொடுக்கிறோம். சர்க்கரை இருக்கிறது என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். அந்தச் சீட்டு பீரோவுக்குள் போகிறது. அடுத்த முகாமில் அதே ஆள், அதே வரிசை, சர்க்கரை மட்டும் கூடியிருக்கிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கெடுத்த ஆய்வு 2023இல் சொன்னது. ஆண்டுக்கு ஒரு நாள் பந்தல் போட்டு அதைப் பிடித்து நிறுத்த முடியாது. சின்ன வேலைகளாக எடுத்து, வாரா வாரம் விடாமல் செய்வோம் என்று குழு முடிவு செய்தது. கேட்க சுவாரசியமாக இருக்காது, போட்டோ எடுக்கவும் எதுவும் இருக்காது என்று அப்போதே எச்சரித்தோம்.

கண் முகாம் மட்டும் விதிவிலக்கு. புரைக்கு அறுவை சிகிச்சை செய்தால் பார்வை வந்துவிடும், வேலை அதோடு முடிந்தது. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1976இல் 11 படுக்கைகளுடன் நம் ஊரில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் போட்டு வளர்ந்ததை நாம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். அடுத்த ஆண்டு கண் முகாமுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது குழுவின் பரிந்துரை.

ஆண்டின் முதல் நிகழ்ச்சி, 2024 ஏப்ரல் 23, கள்ளழகர் ஆற்றில் இறங்கிய அன்று நாம் வைத்த நீர்மோர்ப் பந்தல். இம்முறை மோரில் ஐஸ்கட்டி போடவில்லை. மீனுக்கும் பாலுக்கும் அடுக்குகிற பார் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது, எந்தச் சாக்கின் மேல் இழுத்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. முந்தின இரவே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, மண்பானைகளில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி வைத்தோம். ‘சில்லென்று இல்லையே’ என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் பானை காலியாகத்தான் வீடு திரும்பியது.

அன்று கண்ணில் பட்ட இன்னொன்று. சர்க்கரை உள்ளவர்கள் பலர் வேண்டுதலுக்காக வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்தார்கள். நீண்ட நாள் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். கொப்புளம் வந்ததே தெரியாமல் நடந்து, மூன்றாம் நாள் அது புண்ணாகி நிற்கும். வேண்டுதலை விடச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதிகாலையிலேயே போய் வாருங்கள், வீடு வந்ததும் பாதத்தைக் கழுவி விரல் இடுக்கு வரை துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்தாவது பாருங்கள் என்று மட்டும் சொன்னோம். இந்தப் பாதம் பார்க்கிற வேலை திருவிழாவுக்கு மட்டும் உரியதில்லை, சர்க்கரை உள்ளவர்கள் தினமும் செய்ய வேண்டியது.

அடுத்து கொசு. குழுவின் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் நகரில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. அதனால் டிரம், அண்டா, குடம், சம்ப், மாடியில் சின்டெக்ஸ் என்று எல்லோரும் பிடித்து வைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியதும் இதுவே. அது சாக்கடையைத் தேடிப் போவதில்லை, வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். கடிப்பதும் பகலில், பெரும்பாலும் காலையிலும் மாலை மங்கும் முன்னும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் போவது அரிது. அப்படியானால் நம்மைக் கடிக்கிற கொசு பக்கத்து வார்டிலிருந்து வந்ததில்லை. நம் தெருக் கொசு, பல சமயம் நம் வீட்டுக் கொசு.

முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் சங்கிலி அறுந்துவிடும். ஞாயிறு காலை 10 மணி என்று நேரம் வைத்தோம். முதல் மாதம் குழுவினர் வீடு வீடாகப் போனபோது ‘எங்க வீட்ல எல்லாம் மூடித்தான் இருக்கு’ என்பதே எல்லார் பதிலும். அப்புறம் உள்ளே போய்ப் பார்த்தால் புழு நெளிந்த இடங்கள் இவை: ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மணி பிளான்ட் வைத்த பாட்டில், குருவிக்கு வைத்த கிண்ணம், கொல்லையில் கிடந்த தேங்காய்ச் சிரட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டுக்கல். கிரைண்டர் வந்த பிறகு அதில் மாவாட்டுவதை நிறுத்திவிட்டோம். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, தூக்கவும் முடியவில்லை. மழை பெய்தால் அந்தக் குழி நிறைந்துவிடும். இப்போது பல வீடுகளில் குழியில் மணலை நிரப்பி வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் அதில் கற்பூரவல்லி வளர்கிறது.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் தாங்கும். மறுபடி தண்ணீர் ஊற்றியதும் பொரிக்கும். தேங்காய் நாரோ பிரஷ்ஷோ போட்டு அழுத்தித் தேய்த்தால்தான் போகும்.

புகை மருந்து அடிக்கக் கேட்டு சங்கம் ஏன் சண்டை போடவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் நிறையப் பேர் கேட்டீர்கள். கேட்டோம், ஒருமுறை அடித்தார்கள். புகை, பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். டிரம்முக்குள் இருக்கும் புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, சில நாளில் புதுக் கொசு வந்துவிடும். நிலவேம்புக் குடிநீரும் கொடுத்தோம். அதைக் குடித்த தைரியத்தில் தொட்டி மூடியைத் திறந்து போடக் கூடாது.

அக்டோபர் மழைக்குப் பின் சில வீடுகளில் காய்ச்சல் வந்தது. டெங்குவாக இருக்குமோ என்று சந்தேகம் இருக்கும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம் என்று அறிவித்தோம். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும். இன்னொன்றையும் சொன்னோம்: காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடக் கூடாது. டெங்குவில் ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில்தான். விடாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறில் ரத்தம், பிள்ளை சோர்ந்து துவள்வது, இதில் எது தெரிந்தாலும் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காலி மனைகள் நம் கையில் இல்லை. உரிமையாளர்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். கடிதம் அனுப்பினால் பதில் வருவதில்லை, சந்தா பாக்கி கேட்டாலும் அதே கதைதான்.

பூங்கா பெஞ்சில் ரத்த அழுத்தம் பார்ப்பது இந்த ஆண்டு தொடங்கியது. புதன், சனிக்கிழமை காலைகளில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் சங்கம் வாங்கிய கருவியோடு உட்கார்ந்திருப்பார். அம்மையாருக்கு நம் நன்றி. மணிக்கட்டில் கட்டுவது விலை குறைவு என்றாலும் மேல்கையில் கட்டும் கருவியையே வாங்கினோம், அளவு நம்பகமாக இருக்கும் என்பதால். நடந்து முடித்த மூச்சோடு வந்து கையை நீட்டுகிறார்கள், அளவு ஏறித்தான் காட்டும். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் இருக்க வேண்டும். காப்பி குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். பேசாமல் இருப்பதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

140க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ திரும்பத் திரும்பக் காட்டினால் மருத்துவரிடம் அனுப்புகிறோம். அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் இருந்தார்கள். மாத்திரை போடுவதால்தான் அது சரியாக இருக்கிறது என்பதைப் புரியவைக்க, வருபவர்கள் தங்கள் அளவை எழுதி வைக்கும் நோட்டுப் புத்தகம் உதவியது. நிறுத்திய வாரமும் ஏறிய வாரமும் அவர்கள் கையெழுத்திலேயே அடுத்தடுத்த வரியில் இருந்தன.

மாத்திரைச் செலவு கட்டுப்படியாகாதவர்களை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிவு செய்ய உதவினோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். பணியாளர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. அரசு மாத்திரை வாங்குவதைப் பக்கத்து வீட்டார் பார்த்துவிடுவார்களோ என்று கூச்சப்படுபவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சரி, உப்பு விவகாரத்துக்கு வருகிறேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. குழம்பு, இட்லி மாவு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மாலை மிக்சர் எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு கரண்டி. அதனால் பொங்கல் விழாப் பந்தியில் இலையில் உப்பும் ஊறுகாயும் வைக்க வேண்டாம் என்று குழு சொன்னது. எதிர்ப்பு வந்ததே, பார்க்க வேண்டும்! ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று ஒரு மூத்த உறுப்பினர் மைக்கிலேயே சொன்னார். உப்பு வைக்காமல் இலை போடுவது மரபுக்கு விரோதம் என்றார் இன்னொருவர். கடைசியில் இலை ஓரத்தில் சிட்டிகை உப்பு மட்டும், ஊறுகாய் கேட்டவர்களுக்கு மட்டும் என்று சமாதானமானது. சாம்பாரில் சமையல்காரர் குறைத்த உப்பை யாரும் கவனிக்கவில்லை என்பதையும் இந்த அவையில் பதிவு செய்கிறேன்.

இந்துப்பு போட்டால் கணக்கில் வராது என்று சிலர் நினைக்கிறீர்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை அங்கன்வாடி வழியாகக் கொடுத்தோம். 1 லிட்டருக்கான பொட்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கரைப்பது பல வீட்டுப் பழக்கம். அப்படிச் செய்தால் உப்பின் அளவு தவறிவிடும். முழுப் பொட்டலத்தையும் கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் ஒரே தடவையில் கரைத்து, 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

மாலை நடைக்கு வரும் பெண்கள் தெருநாய்களால் பூங்காவுக்குள்ளேயே சுற்றுகிறார்கள். கடித்தால் மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். அரசு சுகாதார நிலையத்தில் முதல் நாள், 3, 7, 28ஆம் நாள் என்று போடுகிறார்கள், கட்டணம் இல்லை. மூன்று ஊசியோடு நிறுத்திவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

காலை நடைக்குழு பற்றிப் புகார் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற கணக்கைத் தாண்டியே நடக்கிறார்கள். நடை முடிந்து முக்குக் கடையில் ஆளுக்கு இரண்டு வடை என்பது சங்கத்தின் அதிகார எல்லைக்குள் வராது. யோகா வகுப்பு ஆசிரியர் ஊர் மாறியதால் நின்றுவிட்டது. தூக்கம் பற்றிய சொற்பொழிவு கிரிக்கெட் மேட்ச் நாளில் வந்துவிட்டதால், வந்தவர்கள் குழுவினர் மட்டுமே.

கீழ்க்காணும் தீர்மானங்களை முன்மொழிகிறேன். இரண்டாவது ரத்த அழுத்தக் கருவி ஒன்று வாங்குவது, பூங்காவுக்கு வர இயலாத முதியவர்கள் வீட்டுக்கு அதை எடுத்துச் செல்வது. ஞாயிறு 10 மணி வேலைக்குத் தெருவுக்கு ஒருவரைப் பொறுப்பாளராக நியமிப்பது, தெற்குத் தெருவுக்கு இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை. காலி மனைகளில் தேங்கும் நீரைச் சங்கமே ஆள் வைத்து வெளியேற்றி, செலவை உரிமையாளரிடம் கேட்பது. கண் முகாமுக்கு விண்ணப்பிப்பது.

முன்மொழிவுகள் மீது உறுப்பினர்கள் கருத்துச் சொல்லலாம். ஆளுக்கு மூன்று நிமிடம், தலைவர் மணி அடிப்பார். இந்த அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்