கயலுக்கு: டாப்பில் ஸ்பிரே வேண்டாம்

அன்புள்ள கயலுக்கு,

நீ கட்டியிருக்கும் கிட்டாருக்கு மேல்பூச்சு கையால் தேய்க்கிற அரக்கா, ஸ்பிரேயில் அடிக்கிற லாக்கரா என்று கேட்டிருந்தாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். டாப்புக்கு, அதாவது கம்பிக்கு அடியில் இருக்கிற முன்பலகைக்கு, அரக்கு. முதுகுக்கும் பக்கப் பலகைக்கும் அதுவே. நெக்குக்கு மட்டும் எண்ணெய். போனில் சொன்னால் "சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அப்புறம் உன் இஷ்டப்படிதான் செய்வாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதாகப் படித்துவிட்டு நீயே முடிவு செய்.

லாக்கருக்கு நீ சொன்ன காரணங்கள் தள்ளிவிடக் கூடியவை அல்ல. கிட்டார் போகப்போவது சென்னைக்கு, வாசிக்கப்போகிறவர் வியர்வையில் நனைகிறவர், அரக்கு தாங்காது என்கிறாய். பக்கத்துப் பட்டறையில் ஸ்பிரே அறை இருக்கிறது, ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும், கையால் தேய்த்தால் மாதக்கணக்காகும் என்கிறாய். வாடகை வேறு கொடுக்க வேண்டும். சரிம்மா, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உன் டாப். மூடுவதற்கு முன் நீ எடுத்த படத்தில், டாப்பின் உள்பக்கம் விசிறி போல விரித்து ஒட்டிய ஏழு சட்டங்களையும் பார்த்தேன். ஓரத்தில் சீவிச் சீவி ஒன்றுமில்லாமல் முடித்திருக்கிறாய், உளி பட்ட தடம்கூடத் தெரியவில்லை. நடு இணைப்பை வெளிச்சத்தில் பிடித்துத் தேடினாலும் கோடு கிடைக்காது போலிருக்கிறது. டாப்பின் ஸ்புரூஸ் மரத்து ரேகை இரண்டு பக்கமும் ஓரத்தை நோக்கி ஒரே சீராக அகலமாகிப் போகிறது. பலகையை 2.2 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்ததாகச் சொன்னாய். விரலால் தட்டி, காதில் வைத்து, மறுபடி இழைத்து, மறுபடி தட்டி, நீ அந்த இடத்துக்கு வந்து சேர எத்தனை நாள் ஆனது என்று உனக்குத்தான் தெரியும். இவ்வளவு பார்த்துப் பார்த்துக் குறைத்த பலகையின் மேல் தடிமனான ஒரு பூச்சை ஏற்றுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

கிட்டாரின் குரல் டாப்பில்தான் இருக்கிறது என்பதை அந்தோனியோ தே தோரஸ் 1862-லேயே செய்து காட்டிவிட்டார். ஸ்பெயினில் நீ இருக்கும் கிரனாடாவிலிருந்து அதிக தூரமில்லாத அல்மேரியாக்காரர். 1817-ல் பிறந்தவர், முதலில் தச்சு வேலை கற்றவர். நம் ஆள் என்று எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். நல்ல ஸ்புரூஸில் டாப் வைத்து, முதுகையும் பக்கத்தையும் காகிதக் கூழ் அட்டையில் செய்து ஒரு கிட்டார் கட்டினார். அது இன்றைக்கும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகு அட்டையாக இருந்தாலும் பாதகமில்லை, டாப்பைச் சரியாகச் செய் என்று அவர் சொல்வது போல எனக்குப் படும். நீ எடுத்துக்கொண்ட 650 மில்லிமீட்டர் கம்பி நீளமும் ஏழு விசிறிச் சட்டங்களும் அவர் கை வழியாக நிலைபெற்றவைதான். ஒருமுறை பஸ் பிடித்துப் போய் அல்மேரியாவைப் பார்த்துவிட்டு வா.

இப்போது லாக்கர். நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் 1920-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குள் வந்தது. கார்களுக்கு அடித்தார்கள், நாற்காலிக்கு அடித்தார்கள், கிட்டாருக்கும் அடித்தார்கள். சீக்கிரம் காயும், வேலை ஓடும். ஒரு நாளைக்கு இத்தனை கிட்டார் வெளியே போக வேண்டும் என்கிற இடத்துக்கு அது பொருத்தம். மெல்லியதாக அடித்தால் மோசமில்லை, ஒப்புக்கொள்கிறேன். பழைய நைட்ரோ பூச்சுள்ள கிட்டார்களில் அருமையாகப் பாடுகிறவை உண்டு. ஆனால் வயதாக ஆக மஞ்சளாகும், குளிரிலும் சூட்டிலும் மாட்டினால் குறுக்கே மயிரிழையாக வெடிக்கும், ஈரக் காற்றில் அடித்தால் பால் போல வெளுத்துப்போகும். அதற்குப் பிறகு வந்த பாலியூரித்தேன், பாலியெஸ்டர் பூச்சுகள் இன்னும் கெட்டி. பெரம்பூரில் நம் கடைக்கு வருகிற சர்ச் கிட்டார்களில் பாதி அந்த வகைதான். போன மாதம் ஒன்று வந்தது, கீழே விழுந்து டாப்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. உடைந்த ஓரத்தைப் பார்த்தால் கண்ணாடித் துண்டு மாதிரி பூச்சு நிற்கிறது. புதிதாக எதை ஊற்றினாலும் பழையதோடு கரைந்து சேராது, வட்டமாக ஒரு கோடு நின்றே தீரும். எவ்வளவு தேய்த்தும் அந்தக் கோடு போகவில்லை, வாசிக்கிற பையனிடம் அப்படியே கொடுத்தேன்.

அரக்கு அப்படியில்லை. ஸ்பிரிட் பட்டால் பழைய அரக்கு இளகிப் புதியதோடு ஒன்றாகிவிடும். முப்பது வருஷம் கழித்து ஒரு கீறல் விழுந்தாலும், யாரோ ஒருவர் பஞ்சைத் துணியில் சுற்றி அரக்கில் நனைத்து, விழுந்த இடத்தில் மட்டும் தேய்த்து மறைத்துவிடலாம். உன் வியர்வைக் கேள்விக்கு என் பதிலும் இதுதான். ஆமாம், சென்னையில் வலது முழங்கை படுகிற ஓரம் மங்கும். மார்பு படுகிற இடம் பிசுபிசுக்கும். அவர் கையில் ஒரு பருத்தி உறை போட்டுக்கொண்டு வாசிக்கட்டும், வருஷத்துக்கு ஒருமுறை நம் கடைக்கு எடுத்து வரட்டும், நான் அந்த இடத்தைப் புதுப்பித்துக் கொடுக்கிறேன். காற்றில் இருக்கிற ஈரத்தைப் பொறுத்தவரை அரக்கு மெல்லியதாக இருந்தாலும் நன்றாகவே மட்டுப்படுத்தும். அதற்கு ஆகாதவை நின்றுபோகிற தண்ணீர், வியர்வை, சூடு, சாராயம். இந்த நான்கையும் வாங்குகிறவரிடம் முன்னாடியே சொல்லிவிடு, மறைக்காதே.

தாத்தா மவுண்ட் ரோடு ஆபீஸ்களில் மேஜைக்கும் பீரோவுக்கும் பாலிஷ் போட்டது இதே அரக்கில்தான். புரசு, இலந்தை, இந்த மாதிரி மரங்களின் கொப்பில் கூட்டமாக ஒட்டியிருக்கிற பூச்சி சுரக்கிற பிசின். ஜார்க்கண்ட் பக்கம்தான் அதிகம். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924-லேயே இதற்கென்று ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டுகளும் அரக்கால் செய்ததுதான். நீ கிரனாடாவில் பொட்டலமாக வாங்கும் அரக்குச் செதிலும் இங்கே ஏதோ ஒரு மரக் கொப்பிலிருந்து போனதாக இருக்கலாம்.

செய்முறை உன் ஆசிரியர் காட்டுவார். அவர் சொல்வதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனாலும் அவர் சொல்ல மறந்துவிடக்கூடிய சிலதை எழுதிவிடுகிறேன்.

மெழுகு நீக்கிய செதிலாகப் பார்த்து வாங்கு. 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 20 கிராம் போதும். கரைத்த தேதியைப் பாட்டிலில் எழுதி ஒட்டு, ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதே. பழசான அரக்கு எத்தனை நாளானாலும் இறுகாது. சந்தேகம் வந்தால் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் நகத்தால் அழுத்திப் பார். பள்ளம் விழுந்தால் கொட்டிவிடு.

உன் முதுகுப் பலகை ஈட்டி மரம். அதன் நிறம் ஸ்பிரிட்டில் கரைந்து ஓடும். பஞ்சை ஈட்டியில் தேய்த்துவிட்டு அப்படியே ஓரத்துக்கு வந்தால், நீ பொறுமையாகப் பதித்த வெள்ளை இழைக் கோடு முழுவதும் ஊதாவாகிவிடும், ஸ்புரூஸ் பக்கமும் கறை ஏறும். அதனால் முதலில் சின்னத் தூரிகை எடுத்து அந்த வெள்ளைக் கோடுகளின் மேல் மட்டும் அரக்கை இரண்டு மூன்று தடவை வரைந்து காய விடு. டாப்புக்கும் ஈட்டியைத் தொடுவதற்கு முன்பே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்துவிடு. டாப்புக்கு ஒரு பஞ்சு, முதுகுக்கு ஒரு பஞ்சு, இரண்டையும் தனித்தனி டப்பாவில் வை. நுரைக்கல் தூள் போட்டுத் துளை அடைப்பது ஈட்டிக்கு மட்டும். அது தேய்த்தெடுக்கும் மரத்தின் தூளே அரக்கோடு குழைந்து துளையில் இறங்கி நிரம்பும். ஸ்புரூஸுக்கு அது தேவையே இல்லை, போட்டால் பளிச்சென்ற வெள்ளை சாம்பல் அடித்துவிடும்.

தேய்க்கும்போது பஞ்சு நிற்கக் கூடாது. விமானம் இறங்குவது மாதிரி ஓடிக்கொண்டே வந்து பலகையைத் தொட வேண்டும், ஓடிக்கொண்டே விலக வேண்டும். நடுவில் ஒரு நொடி நின்றால் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது அடியில் இருக்கிற பூச்சையும் பிய்த்துக்கொண்டு வரும். போன் அடித்தால் அடிக்கட்டும். பஞ்சுக்குப் பின்னால் மூச்சு விட்ட கண்ணாடி போல ஒரு மங்கல் தொடர்ந்து வந்து உடனே மறைய வேண்டும். அந்த மங்கல் வந்தால் ஈரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நனைந்து மினுங்கினால் அரக்கு அதிகம். இழுத்துப் பிடித்தால் ஒரு துளி ஆலிவ் எண்ணெய் தொட்டுக்கொள், ஒரு துளிதான். ஏறிய எண்ணெயைக் கடைசியில் வெறும் ஸ்பிரிட்டால் மெதுவாக எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பின்னால் வெளியே கசிந்து மங்கும். ஒரு நாள் தேய்த்தால் மறுநாள் விடு. எல்லாம் முடிந்த பிறகும் காகிதத் தடிமன்கூட ஏறியிருக்காது, அதுதான் நமக்கு வேண்டியது. கம்பி கட்டுகிற பிரிட்ஜ் டாப்பில் உட்காரும் இடத்தைத் தொடக்கத்திலேயே டேப் ஒட்டி மறைத்துவிடு. பசை வெறும் மரத்தைத்தான் பிடிக்கும், பூச்சின் மேல் ஒட்டிய பிரிட்ஜ் ஒரு நாள் கம்பியோடு எழுந்து வரும்.

நெக்குக்கு எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதே. ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடு, அல்லது தண்ணீரில் முக்கி வை. ஈட்டியைத் தேய்க்கும்போது மாஸ்க் போட்டுக்கொள். அந்தத் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒத்துக்கொள்ளாது. உனக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது, ஞாபகம் இருக்கட்டும்.

ஈட்டி என்றதும் ஒன்று. கடைச் சீட்டில் இந்திய ரோஸ்வுட் என்று போட்டிருந்ததாகச் சொன்னாயே, கூடலூர்ப் பக்கம் நிற்கிறதே, அதே மரம்தான். முன்பெல்லாம் எல்லாரும் பிரேசில் ரோஸ்வுட்டைத்தான் தேடினார்கள். 1960-களின் கடைசியில் அது வருவது சுருங்கியதும் அமெரிக்காவில் கிட்டார் செய்கிற மார்ட்டின் கம்பெனியே நம் மரத்துக்கு மாறியது. 1992-ல் பிரேசில் மரத்தின் வியாபாரத்தை, அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் ஏறக்குறைய மூடிவிட்டது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் வகை மொத்தமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நாடு விட்டு நாடு போகிறவர்கள் அப்போது பட்ட பாடு கொஞ்சமல்ல. 2019 நவம்பரில் முழுதாகச் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். எதற்கும் மரம் வாங்கிய ரசீதைப் பெட்டியிலேயே வைத்துக்கொள். மிச்சமிருக்கிற ஈட்டித் துண்டு எதையும் தூக்கிப் போடாதே. அவ்வளவு அடர்த்தியாக வளர அந்த மரத்துக்கு நிறைய காலம் பிடிக்கிறது.

பணத்தைப் பற்றி. மாதக்கணக்கானால் வாடகைக்கு என்ன செய்வது என்று நீ எழுதவில்லை, ஆனால் அதைத்தான் கேட்கிறாய் என்று தெரியும். இரண்டு மாத வாடகையை இந்த வாரம் அனுப்புகிறேன். கிட்டார் விற்ற பிறகு திருப்பிக் கொடு, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உன் பெயர் ஒட்டிய முதல் கிட்டார், அதை வாடகை நாள் பார்த்து அவசரமாக முடிக்க வேண்டாம். வாங்குகிறவரிடம் நான் பேசிவிட்டேன். காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம், சென்னைக் காற்று. நீ 45 சதவீத ஈரப்பதத்தில் கட்டியிருக்கிறாய், அது சரி. இங்கே சாதாரணமாக 70-க்கு மேல் போகும். இங்கே வந்ததும் டாப் ஈரம் குடித்துக் குறுக்கே விரியும், நடுப்பகுதி வயிறு போலக் கொஞ்சம் எழும், கம்பி பலகையை விட்டு உயரும். அதற்காகப் பயப்பட வேண்டாம், ஈரத்தில் கட்டி வறண்ட ஊருக்குப் போனால்தான் டாப் வெடிக்கும். பிரிட்ஜில் கம்பி ஏறி உட்காரும் எலும்புத் துண்டு, சேடில், இரண்டு செய்து கொண்டு வா, ஒன்று உன் ஊர் உயரத்துக்கு, இன்னொன்று முக்கால் மில்லிமீட்டர் குறைவாக. இங்கே வைத்துப் பார்த்து நான் தேய்த்துக்கொள்கிறேன்.

பார்சலில் போடாதே, கெட்டிப் பெட்டியில் கையோடு எடுத்து வா. கம்பியை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்திவிடு. வீட்டுக்கு வந்ததும் உடனே திறக்காமல் ஒரு நாள் பெட்டியோடு இருக்கட்டும். மிச்சமான அரக்குக் கரைசலை எடுத்து வராதே, ஸ்பிரிட்டை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

முதலில் ஒரு கழிவு ஸ்புரூஸ் துண்டிலும் ஈட்டித் துண்டிலும் செய்து பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்பு. பலகையைச் சாய்த்து வைத்து ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடு. நேராக எடுத்தால் பஞ்சு போன தடம் தெரியாது.

அன்புடன்,
அப்பா