சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. உறையில் உன் கையெழுத்து சற்றுச் சரிந்திருந்ததைப் பார்த்ததுமே, ஊசி போட்ட வாரத்தில் எழுதியிருக்கிறாய் என்று விளங்கிவிட்டது. விரல் நுனி மரத்துப்போவது உன் மயிலோமாப் புற்றுநோய்க்குப் போடும் போர்ட்டெசொமிப் ஊசி செய்யும் வேலைதான். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அடுத்த முறை மறக்காமல் சொல். ஊசியின் அளவைக் குறைத்தும் இடைவெளியைக் கூட்டியும் பார்ப்பார்கள்.

இங்கே எல்லோரும் சுகம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கடல் பக்கத்து யன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் சாரல். நீ அனுப்பிய புழுக்கொடியல் வந்து சேர்ந்தது, மிச்சமிருக்கும் பற்களுக்கு நல்ல வேலை.

உன் கடிதத்தில் ஒரு வரியை மூன்று தரம் வாசித்தேன். "காய்ச்சலும் இல்லை, கொப்புளமும் இல்லை, பிறகு எதற்குக் காலையும் இரவும் வைரஸைத் தடுக்கும் இந்த 400 மில்லிகிராம் அசைக்ளோவிர் குளிசை? விட்டுவிடலாம் என்று யோசிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். மழையும் புழுக்கொடியலும் சாட்டு.

மாசி மாதம் எனக்கு வந்த வருத்தத்தைப் பற்றி "கொஞ்சம் சுகமில்லை" என்று மட்டும் உனக்கு எழுதியிருந்தேன். முழுவதையும் எழுத வெட்கமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன்.

தம்பி தந்த சிறுநீரகத்துக்கு இப்போது பதினொரு வயது. கால்வாசி வேலைதான் செய்கிறது என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். அதை உடம்பு தள்ளிவிடாதிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரெட்னிசொலோன் என்று மூன்று காவல்காரர். அவர்கள் என் உடம்பின் சொந்தக் காவலைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இடது விலாவில் எரிவு. வாய்வு என்று நினைத்து மனைவி ஓமத்தண்ணீர் தந்தாள். ஞாயிறு காலை கண்ணாடியில் பார்த்தால், முதுகிலிருந்து மார்பு வரை ஒரு பட்டையாகக் கொப்புளம். தாளிக்கும்போது கடுகு தெறித்துச் சுட்டதுபோல வரிசை. மார்பின் நடுக்கோட்டுக்கு வந்ததும் அடிமட்டம் வைத்து நிறுத்தியதுபோல நின்றுவிட்டது. அக்கி.

கிளினிக் இல்லாத நாள். அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவரிடம் போனேன். சட்டையைத் தூக்கியதும் கண்டுபிடித்துவிட்டார். "வேறு வருத்தம் ஏதாவது?" என்று கேட்டுக்கொண்டே துண்டு எழுதினார். "பிரஷர் மட்டும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பாய். அப்போது மகனுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண் வீட்டாரின் உறவினர் ஒருவர் வெளி வாங்கில் இருந்தார். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் என்ற செய்தி அந்தக் கதவால் வெளியே போவதை நான் விரும்பவில்லை. அவ்வளவுதான்.

அவர் எழுதியது நீ போடும் அதே அசைக்ளோவிர்தான்: 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து தரம், ஏழு நாள். நல்ல சிறுநீரகம் உள்ளவனுக்கு அதுதான் சரியான அளவு, அவரில் பிழை சொல்லமாட்டேன். போதாததற்கு, மருந்துக் கடையில் நோவுக்கு ஏதாவது தரச்சொல்லி டைக்ளோபினாக் வாங்கினேன். நோவில் தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை.

செவ்வாய் இரவு, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துணியால் துடைத்துக்கொண்டு நின்றேனாம். பிறகு, "கடற்கரை ரயில் விறாந்தைக்குள் வருகிறது, கதவைத் திற" என்று மனைவியை எழுப்பினேனாம். எனக்கு ஞாபகம் இருப்பது என் கை மட்டும். தண்ணீர் கிளாஸைப் பிடித்தபோது அது தன்பாட்டில் துள்ளியது. அவள் அழவில்லை, கத்தவில்லை. வீட்டிலிருந்த குளிசை எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, முச்சக்கர வண்டி பிடித்து, என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். என்னைக் காப்பாற்றியது அந்த டின்தான். வார்ட்டில் இருந்த இளம் டாக்டர் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டிலில் பரப்பினார். டாக்ரோலிமஸைக் கண்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் பிரஷர் கதை நிற்கவில்லை.

அவர் பிறகு விளக்கியதை உனக்குச் சொல்கிறேன். அசைக்ளோவிர் உடம்பை விட்டுப் போவது பெரும்பாலும் சிறுநீரகத்தால். சுகமானவனின் இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் போதும். சிறுநீரகம் அடியோடு வேலை செய்யாதவனுக்கு அதற்கே இருபது மணித்தியாலம் அளவில் பிடிக்கும். என்னைப் போன்ற கால்வாசிக்காரனுக்கு ஐந்து தரம் என்பதை மூன்று தரமாகக் குறைப்பார்களாம். நானோ ஐந்து தரமும் போட்டு, டைக்ளோபினாக்கால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையும் சுருக்கி, தண்ணீரையும் நிறுத்தினேன். மருந்து வெளியே போக வழியில்லாமல் மூளைக்கு ஏறிவிட்டது. அளவைத் திருத்தி, சேலைனோடு, நாளத்தால் மெதுவாக ஏற்றினார்கள். இரண்டு நாளில் எறும்பும் ரயிலும் போய்விட்டன. கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை மருந்தை நிறுத்தவில்லை. கொப்புள நீர் பட்டால் பிள்ளைக்குக் கொப்பளிப்பான் வரும் என்று எட்டு மாதப் பேரனைத் தெகிவளையிலேயே வைத்துக்கொண்டார்கள். அதுதான் எனக்கு நோவைவிடப் பெரிய தண்டனை.

இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்படியென்றால் விடுவதுதான் நல்லது" என்று முடிவு கட்டிவிடாதே. உன்னை எனக்குத் தெரியும்.

ஐந்தாம் வகுப்பில் இருவரும் ஒரே கிழமையில் கொப்பளிப்பான் வந்து படுத்தோமே, இரண்டு வீட்டு வாசலிலும் வேப்பிலை தொங்கியதே, அந்த வைரஸ் இன்றைக்கும் நம்மைவிட்டுப் போகவில்லை. முதுகெலும்போரத்து நரம்பு வேரில் உறங்குகிறது. உடம்பின் காவல் தளர்ந்தால் எழும்பி அக்கியாக வரும். போர்ட்டெசொமிப் அந்தக் காவலைத் தளர்த்தும், அந்த ஊசி போடுகிறவர்களுக்கு அக்கி வருவது கூட. நீ போடும் சின்னக் குளிசை அது எழும்பாமல் பார்த்துக்கொள்வதற்கு. கொப்புளம் இல்லையே என்று நீ எழுதியிருக்கிறாய். இல்லாமல் இருப்பதற்குத்தானே அதைத் தந்திருக்கிறார்கள்! ஊசி முடிந்த பிறகும் சிறிது காலம் தொடரச் சொல்லலாம். எப்போது நிறுத்துவது என்பதை அவர்கள் சொல்லட்டும்.

ஆனால் உன் மயிலோமா நோய் சிறுநீரகத்தையும் தொடும் நோய். அதனால் ஒவ்வொரு கிளினிக்கிலும், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை எண்ணான கிரியட்டினின் எவ்வளவு என்று வாய்விட்டுக் கேள், அளவை மாற்றவேண்டுமா என்றும் கேள். தண்ணீரைக் குறைக்கச் சொல்லி அவர்கள் சொல்லியிராவிட்டால் தாராளமாகக் குடி. முதுகு நோவுக்கு டைக்ளோபினாக், இபுபுரூபன் பக்கம் போகாதே. பனடோலும்கூடக் கேட்டுவிட்டுத்தான், ஏனென்றால் அது காய்ச்சலை மறைத்துவிடும், உனக்கு இப்போது காய்ச்சல் என்பது உடனே ஓடவேண்டிய விஷயம். ஒரு நேரக் குளிசை தவறினால் நினைவு வந்ததும் போடு. அடுத்த நேரம் கிட்டிவிட்டால் அதை மட்டும் போடு, இரண்டாகச் சேர்க்காதே.

பெயரையும் பார். அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர், வால்கான்சைக்ளோவிர் மூன்றும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும், அளவும் வேலையும் வேறு. கம்பனி வைத்த பெயர் கடைக்குக் கடை மாறும். அட்டையில் சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் சொந்தப் பெயர். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்த சேனக பிபிலே அந்தச் சொந்தப் பெயருக்காகத்தான் அவ்வளவு பாடுபட்டார்.

வார்ட்டில் படுத்திருந்தபோது தெரிந்துகொண்ட இன்னொரு விஷயம். மாற்றுச் சிறுநீரகம் வைத்த ஆரம்பத்தில் எனக்கு அசாதியோபிரின் தந்தார்கள், ஞாபகமா? அதைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையார். அசைக்ளோவிரை உருவாக்கிய குழுவிலும் அவர் முக்கியமானவர். 1988இல் நோபல் பரிசு பெற்றார். காவலைக் கட்டிப்போடும் மருந்தையும், கட்டிப்போட்டதால் வரும் திருடனைப் பிடிக்கும் மருந்தையும் ஒரே அம்மையார் தந்திருக்கிறார். நான் அவருக்கு இரட்டைக் கடன்காரன்.

இப்போது என் சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மகள் எழுதித் தந்தாள்: மாற்றுச் சிறுநீரகம், கால்வாசி வேலை, இன்ன இன்ன மருந்து. எந்த டாக்டரிடம் போனாலும் வணக்கத்துக்கு முன் அதை நீட்டிவிடுகிறேன். கோவிட் குளிசைகளில் ரிட்டோனாவிர் சேர்ந்த ஒன்று டாக்ரோலிமஸை இரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும் என்பதால் அதையும் அடியில் எழுதியிருக்கிறாள். நீயும் ஒன்று எழுது. கை மரத்திருந்தால் மருமகளிடம் சொல்.

நீ வரமுடியாமல் போன ஆவணிக் கலியாணத்தில், சம்பந்தி என் அருகே வந்து இருந்து, "சிறுநீரகம் எப்படி, அண்ணை?" என்று கேட்டார். பேச்சு தொடங்கிய முதல் கிழமையே அவருக்குத் தெரியுமாம்.

கிரியட்டினின் எண்ணை அடுத்த கடிதத்தில் எழுது. அதில்லாமல் வரும் கடிதத்துக்குப் பதில் கிடையாது.

இப்படிக்கு,
உன் பழைய வாங்குத் தோழன்