பெயர்கள் ஓடி முடியட்டும்

ஓடிடி தளங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம்.

படத்தின் கடைசிக் காட்சி மெல்ல இருண்டு, பெயர்கள் மேலேறத் தொடங்கும் நேரத்தில் உங்கள் தளங்கள் ஒரு காரியம் செய்கின்றன. திரை சட்டென்று ஒரு மூலைக்குச் சுருங்கிப் போகிறது. மீதி இடத்தில் வேறொரு படத்தின் முகப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பத்து, ஒன்பது, எட்டு என்று எண்கள் இறங்குகின்றன. ரிமோட் எங்கே என்று துழாவி எடுப்பதற்குள் அடுத்த படம் ஆரம்பித்துவிடுகிறது. கண்ணைத் துடைத்துக்கூட முடித்திருக்க மாட்டோம், அதற்குள் துப்பாக்கிச் சத்தம். இதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் பெயர்களைக் கடைசி வரி வரைக்கும் பார்க்கிறவள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். "படம் முடிஞ்சாச்சே, இன்னும் என்ன?" என்று கூட வந்தவர்கள் எழுந்து நிற்பார்கள், நான் அசைய மாட்டேன். ஒரு கதைக்குள் இரண்டரை மணி நேரம் இருந்துவிட்டு ஒரே எட்டில் வெளியே வர என்னால் முடிவதில்லை. இசை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இசையின் மேல் ஊர்ந்து போகும் பெயர்களுக்குப் பக்கத்தில் அவரவர் செய்த வேலையின் பெயர் இருக்கும். சிறு வயதில் என்னைப் பிடித்து இழுத்தவை அந்த வேலைகள்தான். கேஃபர் என்றால் யார்? இத்தனை பேர் உழைத்திருக்கும்போது பெஸ்ட் பாய் என்று ஒருவரை மட்டும் ஏன் சொல்கிறார்கள்? புரியாததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். யாரையாவது கேட்டோ எங்காவது படித்தோ ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வருடங்கள் ஆயின. கேஃபர், ஒளியமைப்புக் குழுவின் தலைவர். பெஸ்ட் பாய், அவருக்கு அடுத்தபடியாக நின்று வேலையை நடத்துகிறவர்.

அந்த நோட்டில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபோலி ஆர்ட்டிஸ்ட் பக்கம். படங்கள் பேசத் தொடங்கிய 1920களின் கடைசியில், யுனிவர்சல் ஸ்டுடியோவில் ஜாக் ஃபோலி என்றொருவர் வேலை பார்த்தார். திரையில் படத்தை ஓடவிட்டு, பாத்திரங்களின் அசைவுக்குத் தோதாகக் காலடி ஓசையையும் துணி உரசும் ஓசையையும் அவர் எழுப்ப, அதைப் பதிவு செய்தார்கள். நாளடைவில் அவர் பெயரே அந்தத் தொழிலுக்குப் பெயராகிவிட்டது. குதிரைக் குளம்புக்குத் தேங்காய்ச் சிரட்டை. எலும்பு முறிவதற்குச் செலரித் தண்டு. பனியில் நடப்பதற்குச் சோளமாவு அடைத்த தோல் பை. இதைப் படித்த அன்றிலிருந்து, யாராவது பனியில் தனியாக நடந்து போகும் காட்சி வந்தால், இருட்டு அறையில் உட்கார்ந்து மாவுப் பையைப் பிசையும் இரண்டு கைகளும் எனக்குத் தெரிகின்றன. காட்சியின் மயக்கம் இதனால் கொஞ்சமும் குறையவில்லை, கூடியிருக்கிறது. இந்த வேலை ஒன்று இருப்பதே பெயர் ஓடும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

புத்தகத்திலும் எனக்கு இதே பித்து உண்டு. கதைக்குள் போவதற்கு முன் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் படிப்பேன். ஆங்கிலப் புத்தகங்களில் அங்கே 10 9 8 7 6 என்று இறங்கு வரிசையில் சில எண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் மிகச் சிறிய எண் எதுவோ, உங்கள் கையிலிருப்பது அத்தனையாவது அச்சு. ஒவ்வொரு முறை மறுபடி அச்சிடும்போதும் ஓர் எண்ணை எடுத்துவிடுவார்கள். பழைய புத்தகம் ஒன்றில் 17 என்ற எண் மிஞ்சியிருப்பதைக் கண்டால், எனக்கு முன்னால் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள் என்று தோன்றி மனம் நிறைந்துவிடும்.

பெயரைக் கடைசியில் எழுதும் வழக்கம் சினிமா கண்டுபிடித்ததல்ல. தேதியோடு நமக்குக் கிடைத்திருக்கும் அச்சு நூல்களில் மிகப் பழையது, சீனாவின் துன்ஹுவாங் குகையில் அகப்பட்ட வைர சூத்திரம் என்ற பௌத்த நூல். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான காகிதச் சுருள் அது. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. முழுக்க விரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு சிறு குறிப்பு வரும்: எல்லோருக்கும் வழங்குவதற்காக, தம் தாய் தந்தை இருவர் பொருட்டு, வாங் ஜியே என்பவர் இதைச் செய்வித்தார். கூடவே நாளும் இருக்கிறது. நம் கணக்கில் அது 868 மே 11. இந்த ஒரு வரி இல்லையென்றால் அந்தச் சுருளின் வயதை இத்தனை துல்லியமாகச் சொல்ல வழியில்லை. பெற்றோரை நினைத்து ஒருவர் செய்த காரியம் இது என்பதும் தெரிந்திருக்காது. படச்சுருளுக்கும் சுருள் என்றுதானே சொல்கிறோம்? அந்தக் கடைசி முழத்தைத்தான் நீங்கள் தினமும் மடித்து மூலையில் ஒதுக்குகிறீர்கள்.

ஐரோப்பாவில் அச்சுக்கலையைத் தொடங்கிவைத்த குட்டன்பர்க்கின் பெயரை உலகமே அறியும். ஆனால் அவர் அச்சிட்டு இன்று எஞ்சியிருக்கும் எந்தப் பிரதியிலும் அவர் பெயர் அச்சாகவில்லை. 1455 வாக்கில் வெளிவந்த அவருடைய பைபிளிலும் இல்லை. அவருக்குக் கடன் கொடுத்த யோஹான் ஃபுஸ்ட் வழக்குப் போட்டு அச்சுக் கருவிகளை எடுத்துக்கொண்டார். பிறகு பீட்டர் ஷோஃபருடன் சேர்ந்து, பைபிளில் வரும் துதிப்பாடல்களான சங்கீதங்களை ஒரு புத்தகமாக அச்சிட்டார். அதன் முடிவில் இருவர் பெயரும், 1457 ஆகஸ்ட் 14 என்ற நாளும் இருக்கின்றன. 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில், அந்த நாடகங்களில் நடித்த முதன்மை நடிகர்கள் 26 பேரின் பட்டியலை ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறார்கள். முதல் பெயர் ஷேக்ஸ்பியருடையதே. புத்தகம் படிக்கிறவருக்கு அந்த நடிகர்களால் என்ன ஆகப்போகிறது என்று யாரும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடவில்லை.

சினிமாவில் ஒரு பெயர் வருவதற்கும் வராமல் போவதற்கும் நடுவில் சில சமயம் ஒரு வாழ்க்கையே கிடக்கிறது. 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. திரையில் இருந்த பெயர் பியேர் பூல். அவர் மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர். அந்தத் திரைக்கதையை அவர் எழுதவில்லை. எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் கம்யூனிஸ்டுகள் என்ற சந்தேகத்தின் பேரில் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். அவர்கள் பெயரைத் திரையில் போட முடியாத காலம் அது. ஆஸ்கர் வழங்கும் அகாடமி அந்த விருதை அவர்கள் பெயருக்கு மாற்றியது 1984இல். அதற்குள் இருவருமே இறந்துவிட்டார்கள். பின்னாளில் சீரமைத்த பிரதிகளில் அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தார்கள். இருபத்தேழு வருடம் கழித்தாவது திரும்பி வரவேண்டியிருந்த பெயரை, பத்து எண்ணுவதற்குள் மூலைக்கு விரட்டுவது சரியா?

அந்தப் படத்தின் பெயர் வரிசையைப் பிடித்துக்கொண்டு நான் எங்கெல்லாமோ போயிருக்கிறேன். பியேர் பூல் யார் என்று தேடப்போனதில், மனிதக் குரங்குகள் ஆளும் கிரகத்தைப் பற்றிய நாவலை 1963இல் எழுதியவரும் அவரே என்று தெரிந்தது. 1968இல் வந்த 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' அதிலிருந்து பிறந்த படம். இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரண்டு கதைகளும் ஒரே கையிலிருந்து வந்தவை! மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் அவர் வேலை பார்த்தவர் என்பது அடுத்துத் தெரிந்தது. அங்கிருந்து, படத்தில் வரும் ரயில் பாதைக்குப் போனேன். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர்கள் சயாம்-பர்மா பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மாண்டுபோனார்கள். போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர் பொறித்திருக்கிறது. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு கல் கிடையாது. இதைச் சொன்ன புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். படம் பார்த்து நான் தெரிந்துகொண்டவற்றில் முக்கால் பங்கு இப்படி, படம் முடிந்தபின் வந்தவைதான்.

"இக்கதையில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே" என்ற வரிக்குக்கூட ஒரு கதை உண்டு. ரஷ்ய மன்னர் குடும்பத்துக்கு நெருக்கமாயிருந்த சாமியார் ரஸ்புதினைக் கொன்றவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் யூசுப்போவின் மனைவி, இளவரசி இரினா. 1932இல் வந்த 'ரஸ்புதின் அண்ட் தி எம்ப்ரஸ்' படத்தின் பாத்திரம் ஒன்று தன்னையே குறிக்கிறது, தன் மானத்தைக் கெடுக்கிறது என்று படத்தை எடுத்த எம்ஜிஎம் நிறுவனத்தின் மீது லண்டனில் வழக்குத் தொடுத்தார். 1934இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. நீதிமன்றம் அவருக்கு 25,000 பவுண்டு இழப்பீடு அளித்தது. அதன்பிறகுதான் அந்த அறிவிப்பு படத்துக்குப் படம் வழக்கமானது. அடுத்த முறை அந்த வரி மூலையில் எறும்பாக ஓடும்போது ஓர் இளவரசியின் வழக்கு நினைவுக்கு வரட்டும்.

பெயர் எழுதாமல் விட்டதற்கும் ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். 'வில்ஹெல்ம் அலறல்' என்று ஒரு சத்தம் இருக்கிறது. 1951இல் ஒரு படத்துக்காகப் பதிவு செய்தது. 'ஸ்டார் வார்ஸ்' உட்பட நூற்றுக்கணக்கான படங்களில் யாராவது உயரத்திலிருந்து விழும்போது அதே குரல்தான் அலறும். நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஷெப் வூலி என்ற நடிகரின் குரலாக இருக்கலாம் என்கிறார்கள். உலகம் முழுக்க ஒலித்த அந்தக் குரலுக்கு உரியவர் இன்னார் என்று படத்தில் ஒரு வரி எழுதாததால், இன்றைக்கும் ஊகத்தில்தான் பேசவேண்டியிருக்கிறது.

பெரும்பாலானோர் இதைப் பார்ப்பதில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கட்டும். அவர்களுக்குத் தாண்டிப் போக ஒரு பொத்தான் கொடுங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. தொடர்களில் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் வரும் அதே முகப்புப் பாட்டை நானே தாண்டுவதுண்டு. ஆனால் போகிறவர்தான் பொத்தானை அழுத்த வேண்டும், உட்கார்ந்திருக்கிறவரை எழுப்பிவிடக் கூடாது. இப்போது நடப்பது தலைகீழ். 2008இல் 'அயர்ன் மேன்' வந்த பிறகு, கடைசிப் பெயருக்கும் அப்பால் ஒரு காட்சி இருக்குமோ என்று காத்திருக்கும் கூட்டமும் பெருகிவிட்டது. அவர்களையும் சேர்த்துத்தான் நீங்கள் அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுகிறீர்கள்.

நான் கேட்பதில் பெரிய செலவு எதுவும் இல்லை. பெயர்கள் ஓடும்போது திரை முழு அளவில் இருக்கட்டும். எண் இறங்குவது கடைசிப் பெயர் போன பிறகு தொடங்கட்டும். "தானாக அடுத்தது ஓட வேண்டாம்" என்ற தேர்வை ஏழு அடுக்குக்குக் கீழே புதைக்காமல் படம் ஓடும் திரையிலேயே வையுங்கள். ஒருமுறை வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். அடுத்த வாரம் தானாக மாறிவிடக் கூடாது. கைப்பேசியில் அந்த எழுத்துகளை யாராலும் படிக்க முடிவதில்லை. தொட்டால் பெரிதாகும்படி பெயர்ப் பட்டியலைத் தனிப் பக்கமாகவும் கொடுத்தால், உங்களுக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

என் தோழி ஒருத்தி ஒலிப் பிரிவில் உதவியாளராக வேலை செய்த முதல் படம் உங்களில் ஒருவரின் தளத்தில் வந்தது. அவள் அம்மாவோடு உட்கார்ந்து நானும் பார்த்தேன். படம் நெடுக அம்மாவுக்குக் கதையில் கவனம் இல்லை. "இந்த மழைச் சத்தம் நீ வெச்சதா? கதவு சாத்துறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெயர்கள் ஆரம்பித்ததும் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது திரையில் யாரோ மோட்டார் சைக்கிளில் பறந்துகொண்டிருந்தார்கள். "உன் பேர் வந்துட்டுதா? நான் பார்க்கலையே" என்றார். பின்னால் ஓட்டி, முன்னால் ஓட்டி, மறுபடி அது சுருங்கி, மறுபடி வேறு படம் ஓடி, மூன்றாவது முறை அவளே "விடும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அணைத்துவிட்டாள்.

அந்தப் படம் இன்னும் அதே தளத்தில்தான் இருக்கிறது. அவள் பெயர் வருவது, பெயர்கள் ஓடத் தொடங்கிய நான்காவது நிமிடத்தில்.

இப்படிக்கு,
கடைசிப் பெயர் வரைக்கும் உட்கார்ந்திருக்கும் ஒரு ரசிகை